காசிக்கும் வடக்கே

டிரொம்சோ, நார்வே
பிப்ரவரி 6, 2025

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பெரியம்மாவின் முழங்கால், ஆச்சியின் காது, உங்கள் டிவிஎஸ் வண்டி மூன்றும் ஓடிக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் வந்தது. வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று மைனி சிரித்தாளாம். சிரிக்கட்டும். ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் உட்கார்ந்துகொண்டு நண்பர்களுக்குக் கடிதமாக எழுதித் தள்ளினார் என்று வகுப்பில் சொன்னது நீங்கள்தானே. அவர் கையில் போன் இருந்திருந்தால் ரோஜாப்பூப் படம் போட்ட காலை வணக்கம்தான் நமக்கு மிஞ்சியிருக்கும்.

வாத்தியார் என்பதால் கேள்விகளுக்கு எண் போட்டே அனுப்பியிருக்கிறீர்கள். ஒன்று, அங்கே சாமி உண்டா? இரண்டு, சீசன் உண்டா? மூன்று, ஓட்டு உண்டா? ஓரத்தில் பென்சிலால் நான்காவது: "எப்ப வாரான்னு ஆச்சி கேக்கா." நான்குக்கும் எழுதுகிறேன். இதை நீங்கள் ஆச்சிக்கு உரக்க வாசித்துக் காட்டுவீர்கள் என்று தெரியும். அதனால் சில இடங்களில் 'தாண்டவும்' என்று போட்டிருக்கிறேன். கண்டிப்பாகத் தாண்டவும்.

முதலில் நான் இருக்கும் இடம். வடக்கே போனால் புண்ணியம் என்று அந்தக் காலத்தில் காசிக்கு நடந்தார்கள். அவ்வளவு தூரம் நடக்கமுடியாதவர்களுக்குப் பராக்கிரம பாண்டியன் நம்ம ஊரிலேயே ஒரு காசியைக் கட்டிக்கொடுத்தான். நான் அவன் பேச்சையும் கேட்காமல், காசியையும் தாண்டி, இன்னும் 44 பாகை வடக்கே வந்துவிட்டேன். தென்காசி 9 பாகையில் இருக்கிறது, காசி 25இல், டிரொம்சோ 69ஐயும் தாண்டி. புண்ணியத்தைப் பாகைக் கணக்கில் கொடுப்பார்கள் என்றால் நம் வீட்டில் ஏழு தலைமுறைக்கு நானே சேர்த்தாயிற்று.

2019 ஆகஸ்டில் நான் விமானம் ஏறியபோது நம்ம ஊர் திருநெல்வேலி மாவட்டம். நவம்பர் 22ஆம் தேதி தென்காசி தனி மாவட்டம் ஆயிற்று. அதே வாரம் இங்கே சூரியன் மலைக்குப் பின்னால் போனது, இரண்டு மாதம் திரும்பவில்லை. நான் கிளம்பியதும் ஊர் விளங்கியது, நான் வந்து சேர்ந்ததும் இந்த ஊர் இருண்டது. என் ராசியைப் பற்றி ஆச்சி சொல்லிக்கொண்டிருந்தது பொய்யில்லை.

தெரிந்த கேள்வியை முதலில் எழுது என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி, இரண்டாவதில் தொடங்குகிறேன்.

சீசன் என்றால் எதன் சீசன் என்று உலகத்தில் எல்லா ஊரிலும் கேட்பார்கள். நம்ம ஊரில் கேட்கமாட்டார்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று நுழைந்து, முகத்தில் விழுவது மழையா இல்லையா என்று நாம் முடிவு செய்வதற்குள் சட்டை நனைந்துவிட்டால், அது சீசன். மற்ற மாதங்களுக்குப் பெயர் கிடையாது. சித்திரையில் நம் தலையில் வெயில் கொட்டும்போது எட்டிப் பார்க்காத மதுரைச் சொந்தமெல்லாம் ஆனி பிறந்ததும் போன் போடும். "நல்லா இருக்கீங்களா" என்று கேட்பதற்கு முன்னால் "தண்ணி விழுதா?"

இங்கே சீசன் இரண்டு: வெளிச்சம், இருட்டு. தென்காசியில் வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குட்டையான பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். இங்கே 24 மணி நேரம். மே 20 வாக்கில் ஏறும் சூரியன் ஜூலை 22 வாக்கில்தான் முதல்முறையாக அஸ்தமிக்கும். நவம்பர் கடைசியில் இறங்கினால் ஜனவரி 15 வரை தொடுவானத்துக்கு மேலே வராது. தெற்கே மலை மறைப்பதால் ஊருக்குள் நின்று பார்க்க 21ஆம் தேதி ஆகிவிடும்.

இந்த இருட்டுக் காலத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் என் காதில் முதலில் 'மோர்க்கெதி' என்று விழுந்தது. மோருக்கு என்ன கெதி வந்தது என்று விசாரித்தேன். பால் தயிர் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன, கெதி எனக்குத்தான். முதல் குளிர்காலத்தில் ஒருநாள் கண்விழித்தேன், கும்மென்று இருந்தது, புரண்டு படுத்தேன். மறுபடி விழித்தபோதும் அதே இருட்டு. அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. மேலாளரம்மா ஒன்றும் சொல்லவில்லை. "உனக்கும் வந்துவிட்டதா" என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுக் காப்பியைக் கையில் கொடுத்தாள்.

முழு இருட்டு என்று பயந்துவிடாதீர்கள். மத்தியானம் இரண்டு மூன்று மணி நேரம் வானம் வெளுக்கும். பெரியம்மா சொட்டுநீலத்தைக் கூட ஊற்றிவிட்ட வேட்டி உங்களிடம் ஒன்று இருந்ததே, அந்த நிறம். பனி, கடல், மலை, பேருந்து எல்லாவற்றின் மேலும் அதே நீலம். அந்த அழகை வர்ணிக்க எனக்கு வராது. வேட்டியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கோடையில் எதிர்த்திசையில் கூத்து. இரவு ஒன்றரை மணிக்குக் கீழ்வீட்டு அண்ணாச்சி ஏணி போட்டு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார். மீன்பிடிப் படகில் இருந்து ஓய்வுபெற்றவர், எழுபது வயது. பிள்ளைகள் பந்து விளையாடுகின்றன. குளிர்காலத்தில் தூங்கிய தூக்கத்தையெல்லாம் ஜூனில் திருப்பிக் கட்டுகிறார்கள். விளக்கு வைக்கிற நேரம் எது என்று ஆச்சி கேட்டால் நான் என்ன சொல்வேன்? மாலை என்ற ஒன்று வந்தால்தானே விளக்கு வைப்பதற்கு.

இன்னொரு சீசனும் உண்டு. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை வடதுருவ ஒளி பார்க்க வரும் கூட்டம். அறை வாடகை ஏறும், சாப்பாட்டுக் கடையில் இடம் இருக்காது, உள்ளூர்க்காரர்கள் முணுமுணுப்பார்கள், அதே கூட்டத்தை வைத்துச் சம்பாதிக்கவும் செய்வார்கள். மேலகரத்தில் நின்று குற்றாலம் போகும் கார் வரிசையைப் பார்த்து நீங்கள் முணுமுணுக்கும் அதே ராகம். எனக்கும் போன் வருகிறது: "ஒளி தெரியுதா?" போன வருஷம் ஒரு சிநேகிதன் மூன்று இரவு தங்கினான். மூன்றும் மேகம். நான்காம் நாள் மத்தியானம் விமானம் ஏறினான். அன்று ராத்திரி வானத்தில் யாரோ பச்சைப் பட்டுப்புடவையை உதறி உதறிக் காயப்போட்டார்கள். ஐந்தருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லையே என்று திட்டிவிட்டு அம்பாசமுத்திரம் தாண்டியவனுக்குப் பின்னால் அருவி கொட்டுமே, அந்தக் கதைதான்.

(இந்தப் பத்தியை ஆச்சிக்கு வாசிக்கும்போது தாண்டவும்.) நான் வேலை பார்ப்பது மீன் ஏற்றுமதிக் கம்பெனியின் கணினிப் பிரிவில். காட் என்னும் மீனுக்கு இங்கே ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் வரை சீசன். பேரன்ட்ஸ் கடலில் இருந்து முட்டையிட வரும் கூட்டத்தை எத்தனை டன், எந்த ஊருக்கு என்று நான் கணக்குப் பார்க்கிறேன். சைவ வீட்டுப் பிள்ளை தொடாமல், தின்னாமல், எண்ண மட்டும் செய்கிறேன். இருட்டுக் காலத்தில் இந்த மீனின் ஈரல் எண்ணெயை இவர்கள் கரண்டியில் ஊற்றிக் குடிக்கிறார்கள். வெயில் இல்லாமல் குறையும் விட்டமின் டி அதில் இருக்கிறதாம். நாம் குற்றாலத்தில் எண்ணெயை வெளியே தேய்க்கிறோம், இவர்கள் உள்ளே தேய்க்கிறார்கள். நான் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக்கொள்கிறேன். அது எதில் இருந்து செய்தது என்று அட்டையைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

இனி முதல் கேள்வி. சாமி உண்டா?

உண்டு. பாலத்துக்கு அந்தப் பக்கம் பனிக்கட்டியை அடுக்கி வைத்ததுபோல் வெள்ளையாக ஒரு தேவாலயம், 1965இல் கட்டியது. வருகிறவர்கள் எல்லாரும் பேராலயம் என்று படம் எடுக்கிறார்கள். உண்மையான பேராலயம் ஊருக்குள் மரத்தால் கட்டிய பழையது, அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உற்சவருக்குக் கூடும் கூட்டம் மூலவருக்குக் கூடாது என்பது இங்கேயும் விதி. நாட்டில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் திருச்சபையில் பெயர் கொடுத்தவர்கள்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்த்தால் பெஞ்சுதான் நிறைய இருக்கும். பெயர் வைக்க, கல்யாணம் முடிக்க, அடக்கம் செய்ய என்று மூன்று தடவை போவார்கள், அதில் இரண்டு தடவை பிறர் தூக்கிக்கொண்டு போவது. அரசாங்கமும் திருச்சபையும் சில நூற்றாண்டுகள் ஒரே வீட்டில் இருந்துவிட்டு 2012இல் அரசியல் சட்டம் திருத்தப்பட, 2017இல் தனிக்குடித்தனம் போயின. நம்ம ஊர் சாமி இன்னும் கூட்டுக்குடும்பம், உண்டியல் சாவி அறநிலையத்துறை இடுப்பில்.

நம்ம சாமியும் உண்டு, ஆனால் தொலைவில். ஒஸ்லோவில் அம்மெருட் என்ற இடத்தில் சிவசுப்பிரமணியர் ஆலயம் இருக்கிறது. இங்கிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரம். இலஞ்சிக் குமாரரை சைக்கிளில் போய்ப் பார்த்த எனக்கு முருகனைப் பார்க்க பாதுகாப்புச் சோதனையில் பெல்ட்டைக் கழற்றவேண்டியிருக்கிறது.

அந்தக் கோவிலைக் கட்டியவர்கள் ஈழத்துத் தமிழர்கள். இந்த நாட்டுக்கு முதலில் வந்த தமிழராகச் சொல்லப்படுபவர் அன்ரனி இராஜேந்திரம், வந்த வருஷம் 1956. மீன்பிடித் தொழில் கற்க வந்தவர், பிறகு யாழ்ப்பாணத்தில் நார்வே உதவியோடு சீநோர் என்ற மீன்பிடித் தொழில் நிறுவனத்தைத் தொடங்கியவர். எண்பதுகளில் யுத்தம் துரத்த வந்தவர்கள் பலர் இங்கிருந்தும் வடக்கே, பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்கு நின்றார்கள். அப்படி வந்த ஒரு அண்ணை எங்கள் தெருவில் இருக்கிறார். முதல் வருஷம் நான் குளிர் என்று நடுங்கியபோது என்னை மேலும் கீழும் பார்த்து, "தம்பி, இது குளிரே? நாங்கள் வந்த காலத்திலை நீர் இஞ்சை நிண்டிருக்க வேணும்" என்றார். அன்றிலிருந்து அவர் முன்னால் நான் நடுங்குவதில்லை. அவருக்குப் பின்னால் போய் நடுங்குகிறேன்.

இந்தத் தடவை கார்த்திகை டிசம்பர் 13இல் வந்தது. அன்று இங்கே லூசியா என்ற புனிதையின் நாள். வெள்ளை அங்கி போட்ட பிள்ளைகள் விளக்கேந்திப் பாடிக்கொண்டு இருட்டுக்குள் வரிசையாகப் போவார்கள். நான் நாலு அகலை ஜன்னலில் ஏற்றிவைத்தேன். எதிரே பார்த்தால் எல்லா ஜன்னலிலும் விளக்கு, காகித நட்சத்திரம். கிறிஸ்துமஸ் வரைக்கும் அப்படித்தான் எரியும். "உன் விளக்குகள் அழகு" என்றாள் எதிர்வீட்டு அம்மாள். ஊரே நமக்காகக் கார்த்திகை கொண்டாடுகிறது என்று நினைத்துக்கொண்டு ஒரு வாய் பொரி தின்றேன். அப்போதுதான் உங்கள் வீடியோ வந்தது. பேரருவியின் ஆர்ச்சை மூழ்கடித்துக்கொண்டு காவி நிறத் தண்ணீர். நம்ம ஊரில் அன்று அகல் நின்று எரிந்திருக்காது. சொக்கப்பனையும் நனைந்திருக்கும். 69 பாகையில் நான் ஏற்றிய நாலும் அந்தக் கணக்கில் சேரட்டும்.

(தாண்டவும்.) நான் கடலில் குளித்த கதையையும் சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் துறைமுகத்தில் மிதக்கும் மர அறையில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்துவிட்டு, ஏணியில் இறங்கிக் கடலில் முங்குவது இவர்களுக்கு வழக்கம். "வருகிறாயா, பயமா?" என்று கீழ்வீட்டு அண்ணாச்சி கேட்டார். "நான் குற்றாலத்துக்காரன், தண்ணீர் எனக்குப் புதுசா" என்று வாயை விட்டேன். வாய் விட்டதோடு நிற்காமல், அருவிக்குப் போகிற நினைப்பில் நல்லெண்ணெயை வேறு தலையில் வைத்துக்கொண்டு போனேன். அறைச் சூட்டில் எள் வாசம் கிளம்பி எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏணியில் மூன்று படி இறங்கியதும் கால் என்னை விட்டுப் போய்விட்டது. கழுத்தளவு போனதும் மூச்சு நின்றது. குற்றாலத் தண்ணீர் அடிக்கும், இது கடிக்கும். "விசுவநாதா!" என்று நான் போட்ட சத்தம் எதிர்க்கரை தேவாலயத்தில் கேட்டிருக்கும்.

மேலே ஏறியதும் அண்ணாச்சி கேட்டார், "அது என்ன சொல்?" உலகத்துக்கெல்லாம் நாதன், எங்கள் ஊர் சாமி பெயர் என்றேன். "நல்ல சொல். மூச்சு முழுதாக வெளியே போகிறது" என்றார். அடுத்த வாரம் அவரும் அப்படியே கத்திக்கொண்டு குதித்தார். இப்போது அந்தக் கூட்டத்தில் ஆறேழு பேருக்கு அது பழக்கமாகிவிட்டது. 'நா' அவர்கள் வாயில் 'னா' ஆகிறது, இலக்கணப் பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை துறைமுகம் பக்கம் போனால், பெஞ்சு காலியாகக் கிடக்கும் ஊரில் வெள்ளைக்காரர்கள் தென்காசி சாமி பெயரைச் சொல்லி ஒவ்வொருவராகத் தண்ணீரில் விழுவதைக் கேட்கலாம்.

பொங்கல்தான் சங்கடம். சூரியனுக்குப் பொங்கவேண்டும், சூரியனோ விடுமுறையில். முதல் வருஷம் கிழக்கு எது என்று போனில் திசைகாட்டியைப் பார்த்து, அடுப்பைத் திருப்பமுடியாததால் என்னைத் திருப்பிக்கொண்டு, குக்கர் விசிலுக்கே "பொங்கலோ பொங்கல்" சொன்னேன். ஒரு வாரம் கழித்து 21ஆம் தேதி அலுவலகத்தில் எல்லார் மேசையிலும் உருண்டையாக ஓர் இனிப்பு ரொட்டி இருந்தது. சூரிய ரொட்டி என்று பெயர், உள்ளே ஜாம். சூரியன் திரும்பும் நாளாம். பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஊரே வெளியே நின்று தெற்கே மலையிடுக்கைப் பார்த்தது. அன்றைக்கு முழுக்க மேகம், சூரியன் வரவில்லை. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டே ரொட்டியைத் தின்று முடித்து, விரலை நக்கிவிட்டு வேலைக்குப் போனார்கள். தண்ணீர் விழாத அருவிக்கு வந்து, வந்ததற்காக எண்ணெய் தேய்த்துக்கொண்டு, பாறையைப் பார்த்தபடி நிற்கிறவர்களை எனக்கு ஞாபகம் வந்தது. அன்று வீட்டுக்கு வந்து மறுபடியும் பொங்கினேன். அதுமுதல் எனக்கு வருஷத்துக்கு இரண்டு பொங்கல். ஊர்ப் பொங்கல் தை ஒன்றுக்கு, சூரியப் பொங்கல் 21க்கு. இரண்டாவதை எதிர்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் கொடுக்கிறேன். முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்பதில் உலகம் முழுக்க ஒரே சாதி.

கேள்வி மூன்று. ஓட்டு உண்டா?

உண்டு, எனக்கே உண்டு. மூன்று வருஷம் முறையாகக் குடியிருந்தால் வெளிநாட்டானும் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடலாம். 2023 செப்டம்பரில் போட்டேன். மைக் இல்லை, கட்அவுட் இல்லை, சுவரில் ஒரு சின்னம் இல்லை. கடைத்தெருவில் கட்சிக்கு ஒரு சின்ன மரக்கூண்டு, அதில் தலைவர்களே நின்றுகொண்டு காப்பியும் வாஃபிள் என்ற சூட்டு அப்பமும் கொடுக்கிறார்கள். எல்லாக் கூண்டிலும் ஒவ்வொன்று தின்றேன். கொள்கை வித்தியாசம் புரியவில்லை, ஜாம் வித்தியாசம் புரிந்தது. விரலில் மை வைக்காததால் ஓட்டுப் போட்ட திருப்தியும் வரவில்லை.

அண்ணைக்கு அரசியலில் ஒரு பெருமை உண்டு. இலங்கையில் பிறந்து குழந்தையாக இங்கே வந்த கம்சாயினி குணரத்தினம் 2015இல் ஒஸ்லோவின் துணை மேயர் ஆனார், 2021இல் நாடாளுமன்றத்துக்குப் போனார். 2011இல் உத்தோயா தீவில் இளைஞர் முகாமில் ஒருவன் சுட்டுக் கொன்றுகொண்டே வந்தபோது தண்ணீரில் குதித்து நீந்தித் தப்பியவர் அவர். இதைச் சொல்லும்போது மட்டும் அண்ணை குளிரைப் பற்றிப் பேசமாட்டார்.

உங்களுக்குப் பிடித்த செய்தி ஒன்று. இங்கே ஒருவரின் வருமானம் எவ்வளவு, வரி எவ்வளவு என்று யார் வேண்டுமானாலும் அரசாங்கத்தின் தளத்தில் பார்க்கலாம். கல்யாண வீட்டுப் பந்தியில் "தம்பிக்கு என்ன சம்பளம்" என்று கேட்டுச் சங்கடப்படவேண்டியதில்லை. குதிக்காதீர்கள். யார் பார்த்தது என்று பார்க்கப்பட்டவருக்கும் தெரிந்துவிடும், 2014இல் இருந்து அப்படி. இந்த ஒரு விதி நம்ம ஊருக்கு வந்தால் பாதிச் சொந்தம் முறிந்துபோகும், மீதிப் பாதி திருந்திவிடும்.

நான் இங்கே கண்ட பொதுவாழ்வு தேர்தலில் இல்லை, டுக்னாட் என்ற ஒன்றில் இருக்கிறது. வருஷத்தில் ஒருநாள், பனி கரைந்ததும், குடியிருப்பில் இருக்கும் எல்லாரும் இறங்கி வந்து பொது இடத்தைச் சுத்தம் செய்யவேண்டும். பாதையில் வழுக்காமல் இருக்கக் குளிர்காலம் முழுக்கக் கொட்டிய சரளைக்கல்லைக் கூட்டி அள்ளவேண்டும். சம்பளம் இல்லை. வராதவருக்குப் பெரிய தண்டனையும் இல்லை, மாடிப்படியில் பார்க்கும்போது மற்றவர்கள் பார்க்கும் பார்வையைத் தவிர. அதற்குப் பயந்து நானும் இறங்கினேன். பெரியம்மா பெட்டியில் வைத்துக் கட்டிய ஈர்க்கு வாரியலோடு. அவர்கள் கையில் நைலான் துடைப்பம், கல் இடுக்கில் நுழையவில்லை. நம்ம வாரியல் ஒரு இழுப்பில் மூன்று படி சரளையைக் கொண்டுவந்தது. பக்கத்தில் மண்வாரியோடு நின்றவர் வாரியலை வாங்கிப் பார்த்து, ஈர்க்கைத் தடவி, எந்த மரம் என்று கேட்டார். அவர் நகரசபை உறுப்பினர் என்று பிறகுதான் தெரிந்தது. அன்று முழுக்க அவர் அள்ள நான் கூட்டினேன். நம்ம ஊரில் கவுன்சிலர் வாரியலைப் பிடித்தால் போட்டோக்காரர் கூடவே நிற்பார். இங்கே போட்டோ எடுக்க ஆள் இல்லை, எல்லார் கையிலும் வேலை.

டுக்னாட் நடந்த அதே மாதம்தான் மே 17. இவர்கள் 1814இல் அரசியல் சட்டம் எழுதிய நாள். ராணுவ அணிவகுப்புக்குப் பதில் பள்ளிப் பிள்ளைகள் கொடி பிடித்துத் தெருவெல்லாம் போவார்கள், நாள் முழுக்க ஐஸ்கிரீம். போன வருஷம் அந்த ஊர்வலத்தில் நிற்கும்போதுதான் போனில் செய்தி வந்தது: பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம், ஒரு பள்ளிப் பையனை இழுத்துப் போய்விட்டது. மலைக்கு மேல் பெய்யும் மழை கீழே குளிக்கிறவனுக்குத் தெரியாது, வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்து நிற்கும், அது நமக்குச் சின்ன வயதிலேயே தெரியும். தெரிந்து என்ன? இங்கே மலைச்சரிவில் பனி சரியும் அபாயத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டுக் குளிர்காலத்தில் தினமும் சொல்கிறார்கள். மூன்று என்றால் அண்ணாச்சி பனிச்சறுக்குக் கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு வீட்டில் இருந்துகொள்கிறார். அவருக்கு மலையின் மேல் பக்தி உண்டு, நம்பிக்கை கிடையாது. இரண்டும் வேறு வேறு என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

நம் கோவில் கல்வெட்டில் பராக்கிரம பாண்டியன் சொல்லியிருப்பதை நீங்கள்தான் கைபிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினீர்கள். பின்னால் இந்தக் கோவிலுக்கு ஒரு குறை வந்து அதைச் சரிசெய்கிறவர் யாராக இருந்தாலும் அவர் காலில் இப்போதே விழுகிறேன் என்று ராஜா எழுதிவைத்திருக்கிறான். அந்த வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ராஜா போய், இன்னும் பிறக்காதவன் காலில் விழுவானா? உங்கள் இளமையில் நீங்கள் பார்த்தது மொட்டைக் கோபுரம்தான். ஐந்நூறு வருஷம் கழித்து 1990இல் ஒன்பது நிலையும் எழும்பிக் குடமுழுக்கு நடந்தது. அதற்குக் கல் சுமந்தவர், காசு கொடுத்தவர் எல்லாருக்கும் அந்த ராஜாவின் வணக்கம் அட்வான்ஸாக வந்து காத்துக்கொண்டிருந்தது. சரளையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு அது ஞாபகம் வந்தது. டுக்னாட் என்பதை இவர்கள் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். நம்மிடம் அது கல்லிலேயே இருக்கிறது, கோபுர வாசல் காற்றில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு தினமும் அதைத் தாண்டித்தான் போகிறோம்.

அதனால் ஒரு வேண்டுகோள். எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று அருவிக்கரையில் பலகை வைத்தும் ஷாம்பு உறை பாறையில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. சீசன் தொடங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உங்கள் பழைய மாணவர்களில் பத்துப்பேரைச் சேர்த்து வையுங்கள். பரீட்சையில் நீங்கள் போட்ட மார்க்குக்கு அவர்கள் இன்னும் கடன்பட்டிருக்கிறார்கள். கூட்டி அள்ளுவோம். போட்டோ வேண்டாம்.

'அள்ளுவோம்' என்று எழுதியதில் நான்காம் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. ஆச்சியிடம் சொல்லுங்கள், மே கடைசியில் வருகிறேன், நாற்பது நாள் இருப்பேன். இங்கே சூரியன் மறையாத மாதத்தில் அங்கே சாரலில் சூரியனே தெரியாமல் உட்கார்ந்திருக்கப் போகிறேன். தண்ணீர் விழுந்தாலும் சரி, விழாவிட்டாலும் சரி, டிக்கெட் எடுத்தாயிற்று. பிரானூர் பார்டரில் பரோட்டா, ரம்புட்டான் அரைக்கிலோ, கோபுர வாசலில் பத்து நிமிஷக் காற்று. இவ்வளவுதான் திட்டம்.

இன்றைக்கு இங்கே ஆறு மணி நேரம் வெளிச்சம். நாளைக்கு இன்னும் பத்து நிமிஷம் கூடும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்

பி.கு. 1: திரும்பி வரும்போது மூன்று ஈர்க்கு வாரியல் வேண்டும். ஒன்று அண்ணாச்சிக்கு, ஒன்று எதிர்வீட்டு அம்மாளுக்கு, ஒன்று நகரசபை உறுப்பினருக்கு. பெரியம்மாவை நல்ல இறுக்கமாகக் கட்டிவைக்கச் சொல்லுங்கள்.

பி.கு. 2: தாண்டச் சொன்ன இடங்களில் நீங்கள் தொண்டையைச் செருமுவீர்கள், ஆச்சி கண்டுபிடித்துவிடுவாள். காது கேட்காதது அவளுக்கு வேண்டாத விஷயத்துக்குத்தான். எல்லாவற்றையும் வாசித்துவிடுங்கள்.